பைன் காட்டுக்குள் ஆர்.வி.: மகியோன் ரிம் அரசு முகாம்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஜூன் பிறந்துவிட்டால் ஃபீனிக்ஸில் வெயில் 43 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதே நாளில், வடகிழக்கே இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் மகியோன் ரிம் உச்சியில் 27 டிகிரிக்குப் பக்கம்தான் இருக்கும். ராத்திரிக்குப் போர்வை வேண்டும். அரிசோனாவின் நடுவே சுமார் 200 மைல் நீளத்துக்கு ஓடும் செங்குத்துப் பாறை விளிம்பு அது. மேலே ஏறினால் பாண்டரோசா பைன் காடு. ஃபிளாக்ஸ்டாஃபில் தொடங்கி நியூ மெக்ஸிகோ எல்லையைத் தாண்டியும் போகிறது. வயதான மரத்தின் பட்டை விரிசலில் மூக்கை வைத்துப் பாருங்கள், வெனிலா வாசனை வரும்.

இந்தக் காட்டில் அமெரிக்க வனத்துறை நடத்தும் முகாம்கள் நிறைய உண்டு. ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் இருக்கும் நம் குடும்பங்கள் பலரும் நீண்ட வார இறுதிக்கு படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்.வி. வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்புவது இங்கேதான். ஆனால் தனியார் ஆர்.வி. பார்க்கில் தங்கிப் பழகியவர்களுக்கு இங்கே ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். பெரும்பாலான சைட்டுகளில், அதாவது வண்டியை நிறுத்தித் தங்கும் இடங்களில், கரண்ட் இணைப்பு கிடையாது, தண்ணீர்க் குழாய் இணைப்பு கிடையாது, கழிவு இணைப்பும் கிடையாது. கொண்டு போகும் தண்ணீர், பேட்டரியில் இருக்கும் கரண்ட், திரும்பக் கொண்டுவர வேண்டிய கழிவு. இந்த மூன்றுக்கும் முன்கூட்டியே கணக்குப் போட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்தக் கணக்குதான்.

1. முகாமைத் தேர்ந்தெடுப்பது

முதல்முறை போகிறவர்களுக்கு என் சிபாரிசு 260ஆம் எண் நெடுஞ்சாலையில் இருக்கும் கேன்யன் பாயின்ட். சாலையிலிருந்து உள்ளே போவது எளிது, சைட்டுகள் ஓரளவு பெரியவை, ஒரு பகுதியில் மின் இணைப்புள்ள சைட்டுகளும் உண்டு. வனத்துறை முகாமில் அது அபூர்வம் என்பதால் அவைதான் முதலில் தீரும். ஏரிக்கரை வேண்டுமென்றால் வுட்ஸ் கேன்யன் ஏரி. அங்கே ஸ்பில்வே, ஆஸ்பென் என்று இரண்டு முகாம்கள். ஸ்பில்வே தண்ணீரை ஒட்டியது, ஆனால் சின்னது. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

முகாமே இல்லாமல் காட்டுச் சாலையோரம் குறிக்கப்பட்ட இடங்களில் இலவசமாகத் தங்கவும் வழி இருக்கிறது. அங்கே கழிப்பறை, குழாய் எதுவும் இருக்காது. முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

சீசன் ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை. பனிக்காலத்தில் உள்சாலைகளை மூடிவிடுவார்கள். மே, அக்டோபர் இரண்டிலும் இரவில் உறைநிலைக்குக் கீழே போகலாம் என்பதால் குழந்தைகளோடு போக ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் சௌகரியம்.

2. முன்பதிவு: நேரமும் சைட் எண்ணும்

ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் கணக்கு தொடங்குங்கள். பெரும்பாலான முகாம்களுக்கு 6 மாதத்துக்கு முன், கிழக்குக் கடற்கரை நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். அரிசோனாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் குழப்பம் வரும். ஜூலை 10க்கு வேண்டுமென்றால் ஜனவரி 10 அன்று நம் நேரம் காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். செப்டம்பர் 20க்கு என்றால் மார்ச் 20, காலை 7 மணி. ஒரு மணி நேரம் பிந்தி வந்தால் வார இறுதி நாட்கள் போயிருக்கும். கிடைக்கவில்லை என்றால் அதே தளத்தில், ரத்தாகும் இடத்துக்குத் தகவல் அனுப்பச் சொல்லி வைக்கலாம். ரத்துகள் நிறையவே வரும். நீங்கள் ரத்து செய்தால் 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள். முகாமுக்குப் போய்ச் சேர வேண்டிய நாளிலோ அதற்கு முந்தின நாளிலோ ரத்து செய்தால் முதல் இரவு வாடகையும் போகும்.

முகாமைவிட சைட் எண் முக்கியம். ஒவ்வொரு எண்ணையும் அழுத்திப் பார்த்தால் நான்கு விவரங்கள் இருக்கும்: அதிகபட்ச வண்டி நீளம், பின்னோக்கி விட வேண்டுமா நேராக நுழைந்து வெளியேறலாமா என்பது, தரையின் சரிவு, நிழல். நீளத்தில் சமரசமே வேண்டாம். 25 அடி என்று போட்ட சைட்டில் 28 அடி வண்டி நுழைந்துவிடும்தான். ஆனால் பின்பக்கம் மரத்தில் இடிக்கும், இல்லையென்றால் முன்பக்கம் சாலையில் நிற்கும். இந்தக் காடுகளில் பல முகாம்கள் கூடாரமும் காரும் மட்டும் வந்த காலத்தில் திட்டமிட்டவை.

கழிப்பறைக்கு நேரெதிர் சைட்டை எடுக்காதீர்கள். ராத்திரி முழுக்கக் கதவுச் சத்தமும் டார்ச் வெளிச்சமும்தான்.

அப்பா அம்மா உடன் வருகிறார்களா? அவர்களுக்கு 62 வயது நிறைந்து, குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் மூத்தோர் பாஸ் வாங்குங்கள். வாழ்நாள் பாஸ் 80 டாலர். வனத்துறை முகாம் வாடகை பாதியாகக் குறையும். சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு இது கிடையாது. பாஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கூடவே தங்க வேண்டும்.

3. வண்டி

வாடகைக்கு என்றால் கிளாஸ் சி வகையில், அதாவது ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் மாதிரியில், 25 அடி போதும். நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம், பெரும்பாலான சைட்டுகளில் அடங்கும். சாதாரண ஓட்டுநர் உரிமமே போதும். 30 அடிக்கு ஆசைப்பட்டால் பாதி சைட்டுகள் உங்கள் பட்டியலிலிருந்து போய்விடும்.

வண்டியை ஒப்படைக்கும்போது கடைக்காரர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் போகப் பார்ப்பார். வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று விஷயங்களைக் கேட்காமல் விடாதீர்கள். நல்ல தண்ணீர், குளித்துக் கழுவிய தண்ணீர், கழிப்பறைக் கழிவு என்ற மூன்று டேங்குகளின் கொள்ளளவு என்ன? வீட்டுப் பகுதி பேட்டரி ஒன்றா இரண்டா? மொத்த உயரம் எவ்வளவு? உயரத்தை ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பெரும்பாலும் 11, 12 அடி இருக்கும். டிரைவ்-த்ரூ கூரையையும் பெட்ரோல் பங்க் கூரையையும் நெருங்கும்போது அந்தக் காகிதம் உதவும்.

4. கிளம்புமுன்

ஃபிரிட்ஜை முந்தின நாளே போட்டுவிடுங்கள். வாடகை வண்டிகள் பலவற்றிலும் இருப்பது கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ். அது குளிர்வதற்கே அரை நாள் எடுக்கும். 5,500 அடிக்கு மேல் அதன் கேஸ் சுடர் வலுவிழந்து குளிர்ச்சி குறையலாம். அதனால் வீட்டு ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்ததை மட்டும் அதில் மாற்றுங்கள். மாவு, கோழி போன்றவற்றை உறையவைத்தே எடுத்துப்போவது நல்லது.

நல்ல தண்ணீர் டேங்கை வீட்டிலேயோ வழியில் வரும் பேசன் ஊரிலேயோ முழுதாக நிரப்புங்கள். குடிநீர் ஹோஸ் வெள்ளை நிறத்தில் தனியாக இருக்கும், அதை மட்டும் பயன்படுத்துங்கள். அதோடு 6 கேலன் கேன் ஒன்றும் புனலும் வேண்டும். முகாம் குழாயில் ஹோஸ் மாட்ட வழி இருக்காது, அல்லது மாட்ட விடமாட்டார்கள். கேனில் பிடித்து ஊற்றுவதுதான் ஒரே வழி. நிரம்பிய கேன் சுமார் 50 பவுண்டு கனம். வீட்டில் வயசுப் பிள்ளை இருந்தால் இந்த வேலை அவனுக்கு.

முன்பதிவு விவரம், முகாம் வரைபடம், சாலை வரைபடம் மூன்றையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிம் மேலே சிக்னலை நம்ப முடியாது.

5. ஏற்றம்

மேசாவிலிருந்து 87ஆம் எண் நெடுஞ்சாலையில் பேசன். அங்கிருந்து கிழக்கே 260. சுமார் 1,200 அடியில் கிளம்பி, பேசனில் 5,000 அடி தொட்டு, ரிம் உச்சியில் 7,600 அடியைத் தாண்டுவீர்கள். வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள். நீண்ட ஏற்றங்களில் எஞ்சின் சூட்டுமுள் ஏறினால் ஏசியை அணைத்துவிட்டு வலது தடத்தில் மெதுவாகப் போங்கள். பின்னால் வரிசை கட்டினால் ஒதுங்கி வழிவிடுங்கள். பேசனில் பெட்ரோலை நிரப்பியே ஆக வேண்டும். இதற்குக் காரணம் தூரம் மட்டுமில்லை. இந்த வகை வண்டியில் ஜெனரேட்டரும் அதே டேங்கிலிருந்துதான் குடிக்கும். டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கினால் ஜெனரேட்டர் நின்றுவிடும், நீங்கள் காட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அப்படி அமைத்திருக்கிறார்கள்.

அந்தி நேரத்தில் 260இல் எல்க் மான்கள் குறுக்கே வரும். அவற்றுக்காகவே சாலைக்கு அடியில் பாலங்கள் கட்டியிருந்தாலும், குதிரை அளவு உடம்புள்ள ஒன்று திடீரென்று விளக்கொளியில் நின்றால் ஆர்.வி.யை நிறுத்த முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே முகாமை அடைந்துவிடுங்கள். இருட்டில் பின்னோக்கி விடும் வேதனையும் மிச்சம்.

6. சைட்டில் நிறுத்துவது

வந்தவுடன் வண்டியை உள்ளே விடாதீர்கள். சாலையிலேயே நிறுத்தி இறங்கி, நடந்து பாருங்கள். பாறை எங்கே, மேசை எங்கே, தாழ்ந்த கிளை எங்கே என்று பார்த்துவிட்டு, மேலே அண்ணாந்து பாருங்கள். கூரை மேல் ஏசி பெட்டி துருத்திக்கொண்டிருக்கும். முதலில் உடைவது அதன் மூடிதான். பட்டுப்போன மரமோ, முறிந்து தொங்கும் கிளையோ தலைக்கு மேல் இருந்தால் முகாமைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் ஹோஸ்டிடம் சொல்லி இடம் மாற்றிக் கேளுங்கள். பட்டை வண்டு அரித்துக் காய்ந்த பைன் மரங்கள் இங்கே உண்டு. காற்றில்லாத நாளிலும் அவை விழும்.

பின்னோக்கி விடும்போது ஒருவர் கீழே நின்று வழிகாட்ட வேண்டும். அவர் உங்கள் பக்கக் கண்ணாடியில் எப்போதும் தெரிய வேண்டும். தெரியவில்லையா, பிரேக். 'வா வா வா' என்று கத்துவதைவிட முன்பே பேசிவைத்த கை சைகை நல்லது. முடிந்தவரை ஓட்டுநர் பக்கமாகத் திரும்பி நுழையுங்கள். மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத மூலைகள் அதிகம்.

சமன்படுத்துவது அடுத்த வேலை. வண்டியின் சமையல் மேடையில் ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் வைத்தாலே சரிவு தெரிந்துவிடும். தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் முன் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி அதன்மேல் ஏற்றி நிறுத்துங்கள், பிறகு சக்கரத்துக்கு முட்டு. தூக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கேஸ் ஃபிரிட்ஜ் சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் ஓடாமல் குளிர்வது நின்றுவிடும், நீண்ட நேரம் அப்படியே ஓடினால் நிரந்தரமாகவே கெடலாம்.

வண்டியில் ஸ்லைட், அதாவது உள்ளிடத்தைப் பெரிதாக்கப் பக்கவாட்டில் நீளும் பகுதி, இருந்தால் அதை வெளியே தள்ளுமுன் மரத்துக்கும் அதற்கும் இடைவெளி பாருங்கள். திரும்ப உள்ளே இழுக்குமுன் அதன் கூரையிலிருக்கும் பைன் ஊசிகளைக் கூட்டித் தள்ளுங்கள். அவை ரப்பர் விளிம்பில் சிக்கினால் மழைத் தண்ணீர் உள்ளே வரும்.

7. தண்ணீர், கரண்ட்

நல்ல தண்ணீர் டேங்க் 40 கேலன் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர், மூன்று நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 கேலன் என்றால் 36 ஆகிறது. சரியாக வருகிறது, ஆனால் வீட்டில் குளிப்பதுபோல் குளித்தால் முதல் நாளே தீரும். உடம்பை நனைத்து, குழாயை மூடி, சோப்பு போட்டு, திறந்து அலசினால் 2 கேலனில் முடிக்கலாம். தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். குளித்த, கழுவிய தண்ணீர் சேரும் கிரே டேங்க் பெரும்பாலும் நல்ல தண்ணீர் டேங்கைவிடச் சின்னது. ஆகவே அதுதான் முதலில் நிறையும். அதைத் தரையில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம்.

அப்புறம், வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்று. நாம் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். ஆளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சொம்பு என்றாலும், கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டேங்க் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நிறைந்துவிடும். பகலில் முகாமின் கழிப்பறைக்குக் கையில் பாட்டிலோடு போய் வாருங்கள். ஆர்.வி. கழிப்பறையை இரவுக்கும் வயதானவர்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக அதில் தண்ணீரே விடாமலும் இருக்கக் கூடாது. காய்ந்து போனால் குவிந்து கெட்டிப்படும், பிறகு வெளியேறாது.

கரண்ட் கணக்கு இப்படி. 100 ஆம்பியர்-மணி சாதாரண பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம், அதாவது 50. குளிர் இரவில் ஹீட்டரின் காற்றாடி 7, 8 ஆம்பியர் இழுக்கும். எட்டு மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலே 30 போய்விடும். கேஸில் எரிகிற ஹீட்டர்தானே என்று விட்டுவிட்டால் விடியற்காலை பேட்டரி படுத்து, ஹீட்டரும் நிற்கும். வெப்பத்தைக் குறைத்து வைத்து, ஆளுக்கு ஒரு கம்பளி அதிகம் எடுத்துப்போங்கள். மீட்டர் 12.1 வோல்ட்டுக்கு வந்தால் பாதி தீர்ந்தது என்று அர்த்தம். ஜெனரேட்டரை ஓட்டிச் சார்ஜ் ஏற்றுங்கள். சோலார் தகடு இருந்தாலும் பைன் நிழலில் பெரிதாகத் தராது.

ஜெனரேட்டரும் மலையில் இளைக்கும். ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3.5 சதவீதம் திறன் குறையும் என்பது தோராயக் கணக்கு. ரிம் உச்சியில் கால்வாசி போய்விடுகிறது. மைக்ரோவேவையும் ஏசியையும் சேர்த்துப் போடாதீர்கள். அமைதி நேரம் பெரும்பாலும் இரவு 10 முதல் காலை 6 வரை. ஜெனரேட்டருக்குத் தனி நேரம் இருந்தால் நுழைவாயில் பலகையில் போட்டிருக்கும். அனுமதி இருக்கிறதென்று காலை ஆறரைக்கே போட்டால் பக்கத்து சைட்காரர் முகத்தில் விழிக்க முடியாது.

8. சமையல்

7,600 அடியில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது, கேஸ்தான் தீரும். குக்கர் கட்டாயம். வழக்கத்தைவிடக் கால்பங்கு அதிக நேரம் வையுங்கள், நான்கு விசிலுக்கு ஐந்து. டீ சீக்கிரம் கொதிக்கும், ஆனால் சாறு இறங்க நேரம் எடுக்கும்.

மிளகாய் தாளிப்பை உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள். புகை அலாரம் அலறும், தலைக்கு மேலிருக்கும் படுக்கையில் நெடி இரண்டு நாள் நிற்கும். வெளி மேசையில் ஒரு கேஸ் அடுப்பு வைத்துச் சமைப்பதே சுகம். மிக்ஸி ஜெனரேட்டர் ஓடினால்தான் சுற்றும். ஆகவே சட்னியை வீட்டிலேயே அரைத்து எடுத்துவாருங்கள். மாவு புளித்ததாகவே வரட்டும், அந்தக் குளிரில் அது பொங்காது.

உணவையும் குப்பையையும் மேசையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. இங்கே கருங்கரடி உண்டு. அதைவிட அதிகம் தொல்லை தருவது காதில் குஞ்சம் வைத்த ஏபர்ட் அணில். முந்திரிப் பாக்கெட் அதன் கண்ணில் பட்டால் உங்களுக்கு மிஞ்சாது.

9. தீ

2011 மே மாதக் கடைசியில் இதே பைன் காட்டின் கிழக்குப் பகுதியில், சரியாக அணைக்காமல் விட்ட ஒரு முகாம் தீயிலிருந்து கிளம்பியதுதான் வாலோ காட்டுத்தீ. 5,38,000 ஏக்கர் எரிந்தது. அரிசோனா வரலாற்றிலேயே பெரியது அது. அதனால் இங்கே தீ விஷயத்தில் யாரும் சலுகை காட்டமாட்டார்கள்.

கிளம்பும் நாள் காலையில் அந்தந்த வனப்பகுதியின் கட்டுப்பாட்டு நிலையைப் பாருங்கள். முதல் நிலையில் முகாமுக்குள் இருக்கும் இரும்பு வளையத்தில் மட்டும் தீ மூட்ட பெரும்பாலும் விடுவார்கள். இரண்டாம் நிலை வந்தால் விறகும் கரியும் எங்குமே கூடாது. திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்பு மட்டும்தான். நிலைமை இன்னும் மோசமானால் காட்டையே மூடிவிடுவார்கள். 2021 ஜூனில் அரிசோனாவின் பல தேசியக் காடுகளுக்கு அதுதான் நடந்தது. ஜூன் மாதம் குளிர்ச்சியாக இருந்தாலும் தீ ஆபத்து உச்சத்தில் இருக்கும் மாதம். தீ மூட்டி உட்கார வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தால் ஆகஸ்ட், செப்டம்பரைப் பாருங்கள். பட்டாசு, மத்தாப்பு எந்தக் காலத்திலும் கூடாது, ஜூலை 4 அன்றும்தான்.

விறகை வீட்டிலிருந்து எடுத்துவராதீர்கள். மரப்பூச்சிகள் அதோடு சேர்ந்து வரும். அக்கம்பக்கத்திலோ ஹோஸ்டிடமோ வாங்குங்கள். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, கடைசியில் புறங்கையைச் சாம்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. இதற்கென்றே ஒரு கேன் தண்ணீரைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

10. மழை

அரிசோனாவின் பருவமழைக் காலம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. உண்மையில் ஜூலையில்தான் சூடு பிடிக்கும். காலை பளிச்சென்று இருக்கும், மதியம் இடிமேகம் கட்டும். நடைபயணத்தை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். பாறை விளிம்பில் இடியோசை கேட்டால் படம் எடுப்பதை விட்டுவிட்டு வண்டிக்குள் வந்துவிடுங்கள். வெளியே போகும்போது வெளிப்பந்தலைச் சுருட்டிவிடுங்கள். ஒரு சுழற்காற்று போதும் அது கிழிய, வாடகைக் காப்பீடும் பெரும்பாலும் அதற்குப் பணம் தராது.

11. கழிவை வெளியேற்றுவது

எல்லோரும் பயப்படும் வேலை. பழகினால் கால் மணி நேரம். டேங்குகளின் கழிவைத் திறந்துவிடும் இடமான டம்ப் ஸ்டேஷன் எங்கே என்று முன்பதிவுப் பக்கத்திலேயே பார்த்துவையுங்கள். எல்லா முகாமிலும் இருக்காது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஹோஸின் ஒரு முனையைத் தரைத் துளைக்குள் இறக்கி, ஒரு கல்லையோ காலையோ வைத்து அழுத்திப் பிடிக்க ஆள் நிறுத்துங்கள். மறுமுனையை வண்டியில் மாட்டி, 'டக்' என்று பூட்டும்வரை திருகுங்கள். ஒரு கொக்கி மாட்டியிருக்கிறதா, இரண்டுமா என்று குனிந்து பாருங்கள். இந்த வேலையில் நடக்கும் விபத்துகள் பெரும்பாலும் ஒற்றைக் கொக்கியால்தான். முதலில் பிளாக் வால்வைத் திறங்கள். ஓட்டம் நின்றதும் மூடுங்கள். பிறகு கிரே. அந்தச் சோப்புத் தண்ணீரே ஹோஸைக் கழுவிவிடும். வரிசை மாறினால் அழுக்கு ஹோஸோடு ஊர் திரும்புவீர்கள். அங்கிருக்கும் கழுவும் குழாய் குடிநீர் அல்ல. வெள்ளை ஹோஸை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பின்னால் வண்டிகள் காத்திருக்கும் என்பதால் உள்ளே துடைப்பது, அடுக்குவது எல்லாம் வேறிடத்தில்.

12. இறக்கமும் ஒப்படைப்பும்

260இல் ரிம்மிலிருந்து இறங்கும்போது கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள். கியரைத் தாழ்வாகவே வைத்திருக்க உதவும் டோ-ஹால் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, தேவைப்படும்போது பிடிக்காது. வேகம் கூடும்போது நன்றாக ஒரு அழுத்து, பிறகு விடுங்கள். கருகிய வாடை வந்தால் ஒதுங்கி நிறுத்தி ஆறவிடுங்கள். அலமாரிக் கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று கிளம்புமுன் பார்த்திருந்தால் குக்கர் தலையில் விழாது.

ஒப்படைக்குமுன் பெட்ரோல், புரொபேன் இரண்டையும் ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்கு நிரப்புங்கள். பேசனில் நிரப்புவதைவிட வீட்டுப் பக்கத்தில் நிரப்பினால் முள் சரியாகக் காட்டும். ஜெனரேட்டர் ஓடிய மணிக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதால், வண்டி வாங்கியபோதும் திருப்பிக் கொடுக்கும்போதும் அதன் மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.